பொறியியல் கலந்தாய்வு: விருப்பப் பட்டியலில் எதை முதலில் பார்ப்பது?

கணித ஆசிரியர்:
கலந்தாய்வுக்கு விருப்பப் பட்டியல் தயாரிக்கும் என் மாணவர்கள், வளாக நேர்காணலில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்பதையே முதலில் கேட்கிறார்கள். ஒரே மாணவர் மூன்று நிறுவனங்களில் தேர்வானால் அதை மூன்றாக எண்ணி விளம்பரப் பலகையில் ஏற்றும் கல்லூரிகள் உண்டு. அதைவிட, இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விகிதத்தை அண்ணா பல்கலைக்கழகம் பருவந்தோறும் வெளியிடுகிறதே, அந்தப் பட்டியலைப் பார்ப்பதே நேர்மையான வழி. வினாத்தாளைக் கல்லூரி தயாரிப்பதில்லை என்பதே அதன் பலம்.

பழைய மாணவன்:
ஐயா, அந்த விகிதம் கற்பித்தலைக் காட்டுவதைவிட, உள்ளே வந்தவர்களின் கட்-ஆஃபையே, அதாவது சேர்க்கைக்கான பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணையே காட்டுகிறது. 200-க்கு 190 பெற்றவர்களைச் சேர்த்துக்கொண்ட கல்லூரி அவர்களைத் தேர்ச்சி பெறச் செய்வதில் என்ன வியப்பு? மேலும், தன்னாட்சிக் கல்லூரிகள் தாமே தேர்வு நடத்துவதால் அவற்றை இந்தப் பட்டியலில் வைத்து ஒப்பிடவே முடியாது. 2016 முதல் வெளிவரும், ஒன்றிய அரசின் கல்வி நிறுவனத் தரவரிசையான என்ஐஆர்எஃப், ஆசிரியர் எண்ணிக்கை, ஆய்வு, பட்டம் பெற்றோரின் நிலை எனப் பலவற்றையும் சேர்த்து அளக்கிறது.

கரூர்த் தந்தை:
தரவரிசையில் இடம்பெறும் கல்லூரிகள் எங்கள் மகளின் 148 கட்-ஆஃபுக்கு எட்டாதவை. எட்டாத பட்டியலை வைத்து நாங்கள் என்ன செய்வது? கல்லூரிப் பேருந்து எங்கள் ஊர் வழியாக வருகிறதா, மாலை எத்தனை மணிக்குத் திரும்புகிறது, விடுதிக் கட்டணம் படிப்புக் கட்டணத்தை மிஞ்சுகிறதா என்பவைதான் எங்கள் வீட்டில் முடிவெடுப்பவை. இதை அறியாமை என்று எழுதுபவர்கள் ஒரு முறை எங்கள் வரவுசெலவையும் பார்க்கட்டும்.

கணித ஆசிரியர்:
அறியாமை என்று நான் கருதவில்லை. தேர்ச்சி விகிதத்தில் கட்-ஆஃபின் பங்கு உண்டு என்பதையும் ஏற்கிறேன். ஆனால் ஏறக்குறைய ஒரே கட்-ஆஃபுடன் மாணவர்களைச் சேர்க்கும் இரு கல்லூரிகளை ஒப்பிட்டால் அந்தக் குறை பெரும்பாலும் நீங்கிவிடும். தரவரிசையோ, கல்லூரிகள் தாமே தரும் தரவுகளைப் பெரிதும் நம்பியிருக்கிறது. ஒரே ஆசிரியர் பல கல்லூரிகளில் முழுநேரப் பணியில் இருப்பதாகக் கணக்குக் காட்டப்பட்டதை 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் வெளிக்கொணர்ந்த பிறகு, ஆசிரியர் எண்ணிக்கையை எப்படிக் கண்ணை மூடிக்கொண்டு நம்புவது?

பழைய மாணவன்:
அந்த முறைகேட்டை நான் மறுக்கவில்லை. அதனால் எல்லா அளவுகோலையும் தூக்கி எறிந்துவிட முடியாது. என்பிஏ எனும் தேசிய அங்கீகார வாரியத்தின் தர அங்கீகாரம் கல்லூரி முழுமைக்கும் அல்ல, ஒவ்வொரு பாடப்பிரிவுக்கும் தனித்தனியாகத் தரப்படுவது. நுழைவாயில் பலகையில் அந்த மூன்றெழுத்தைக் கண்டு சேர்ந்து, தம் பிரிவுக்கு அது இல்லை என்று பின்னர் அறிந்தவர்கள் என் வகுப்பிலேயே இருந்தார்கள்.

கரூர்த் தந்தை:
இது பயனுள்ள செய்தி. பேருந்து வரும் நான்கு கல்லூரிகளில் எதில் மகள் கேட்கும் பிரிவுக்கு அங்கீகாரம் இருக்கிறது என்று இன்றே பார்க்கிறேன்.