மறுமொழி: டேங்க் சீலிங்குக்கு 'அடைத்தல்' வேண்டாம், 'உள்மெழுகல்' வைக்கலாம்

எல்லாருக்கும் வணக்கம்,

பழைய வண்டி கையேட்டுக்கான சொல்பட்டியல்ல 'ஃப்யூயல் டேங்க் சீலிங்'குக்கு (துருப்பிடிச்ச டேங்க சுத்தம் பண்ணி உள்பக்கம் கலவை பூசுற வேலை) நேரா 'எரிபொருள் தொட்டி அடைத்தல்'னு இருக்கு. தயவுசெஞ்சு இத மாத்திடலாம். எங்க கிருஷ்ணகிரி பக்கம் எந்த பட்டறையிலயும் போய் டேங்க் அடைச்சிருக்குன்னு சொல்லிப் பாருங்க, பெட்ரோல் லைன்ல குப்பை சேர்ந்து வண்டி இழுக்க மாட்டேங்குதுன்னு தான் மெக்கானிக் எடுத்துக்குவாரு, கை நேரா ஃபில்டருக்கு போகும்.

அதவிட பெரிய சிக்கல், அடைத்தல்னு படிக்கிறவங்க இது ஓட்டைய மூடுற வேலைன்னு நினைச்சுக்குவாங்க. இது அந்த வேலையே இல்லைங்க. அம்பாசடர எடுத்துக்கங்க, 1958ல இருந்து 2014 வரைக்கும் வந்த வண்டி, டேங்க் இரும்புத் தகடு. பாதி டேங்கோட மாசக்கணக்குல நிறுத்தி வச்சா உள்ள இருக்கிற காத்துல உள்ள ஈரம் ராத்திரி குளிர்ல தண்ணியா படியும், தண்ணி பெட்ரோலவிட கனம், அதனால அடிக்குப் போய் உக்காந்துக்கும், அங்க துரு பிடிக்கும். இப்ப 2025 வாக்குல பெட்ரோல்ல எத்தனால் 20 சதவீதம் வரைக்கும் வந்தாச்சு, அது ஈரத்த இழுக்கிற சரக்கு, தண்ணி அளவு மீறினா எத்தனாலும் தண்ணியும் சேர்ந்து பெட்ரோல்ல இருந்து பிரிஞ்சு அடியில தங்கிடும். டேங்க கழட்டி, பெட்ரோல் அளவு காட்டுற மிதவையோட மீட்டர் யூனிட்ட எடுத்துட்டு, அந்த ஓட்டை வழியா டார்ச் அடிச்சுப் பாத்தீங்கன்னா அடியில துரு செதில் செதிலா பேந்து நிக்கும்.

வேலைய பாருங்க. முதல்ல பெட்ரோல் வாடை போற வரைக்கும் சோப்புத்தண்ணில கழுவணும். அப்புறம் துண்டுச் சங்கிலியோ நட்டு போல்ட்டோ உள்ள போட்டு குலுக்கி துருவ உதுக்கணும், பாஸ்பாரிக் அமிலம் ஊத்தி மிச்சத் துருவ கரைக்கணும், அலசி, ஒரு சொட்டு ஈரம் இல்லாம காய வைக்கணும். அதுக்கப்புறம் தான் எபாக்ஸி கலவைய (காஞ்சதும் கெட்டியா இறுகிடற பிசின்) ஊத்தி, எல்லா வாயையும் மூடி, டேங்க தலைகீழா, பக்கவாட்டுல, குறுக்கால எல்லாம் மெதுவா பிரட்டி உள்பக்கம் ஒரு இடம் விடாம படிய விடறது, மிச்சத்த வெளிய வடிச்சிடறது. வடிக்காம விட்டா மூலையில குட்டையா தேங்கி சரியா இறுகாது. பெட்ரோல் போற குழாயிலயும் காத்துக் குழாயிலயும் கலவை இறுகிடாம ஊதி விடணும். இதுல எங்கங்க இருக்கு அடைக்கிறது? ஊசி முனை ஓட்டைய கலவை தாங்கும், விரல் நுனி போற ஓட்டைன்னா முதல்ல ஈயம் வச்சு ஒட்டியே ஆகணும்.

எங்க வீடுகள்ல புது முறம் வாங்கினா சாணியோ வெந்தயம் அரைச்ச கூழோ வச்சு மெழுகுவாங்க. பிரம்பு இடுக்கு மூடணும், ராகி மாவு கீழ சிந்தக்கூடாது, அதான் காரணம், அழகுக்கு இல்ல. டேங்க் உள்ள நடக்கிறதும் அதே காரியம் தான், அதனால நான் சொல்றது உள்மெழுகல். வினையா 'டேங்க உள்மெழுகணும்'னு சொல்லலாம், வாயில தடங்கல் இல்லாம வருது.

வெளிய இருந்து எம்சீல் அப்பறதுக்கு 'கசிவடைப்பு'ன்னு தனியா வச்சிக்கலாம். ரெண்டும் வேற வேலை, ஒரே சொல்லுல கலக்கக்கூடாது.

---

> வாயில தடங்கல் இல்லாம வருது

அண்ணா, ஓசூர்ல இருந்து எழுதறேன். சொல் நல்லா இருக்கு, ஆனா மெழுகுன்னா மெழுகுவத்தி தான் எங்க வயசு பசங்களுக்கு ஞாபகம் வரும். வெயில்ல உருகி, பெட்ரோலையும் காத்தையும் கலக்கிற கார்புரேட்டருக்கு போயிடாதான்னு கேப்பாங்க. உட்பூச்சுன்னு ஏற்கனவே புழக்கத்துல இருக்கே, அது போதாதா?

---

தம்பி,

நீங்க கேட்டது நியாயம். அதனால டப்பாவுல வர்ற சரக்குக்கு மெழுகுன்னு பேரு வேண்டாம், அதுக்கு உட்பூச்சுக் கலவைன்னே இருக்கட்டும். செயலுக்கு மட்டும் உள்மெழுகல். பூச்சுன்னு மட்டும் விட்டா பெயின்ட் மாதிரி மேலாக்க அடிச்சா போதும்னு தோணிடும், துருவ எடுக்காமலே ஊத்திடுவாங்க. அப்படி ஊத்தினதும், எத்தனால் தாங்காத பழைய வகைக் கலவையும் கொஞ்ச நாள்ல தோல் உரியற மாதிரி தகட்ட விட்டு பிரிஞ்சு பெட்ரோல் உறிஞ்சுற வாயில போய் மூடிக்கும். அத சுரண்டி எடுக்கிறது துரு எடுக்கிறத விட நாலு மடங்கு பாடு.

இன்னொன்னு, கையேட்டுல 'ஈயம் வச்சு ஒட்டணும்'கிற வரிக்கு பக்கத்துலயே காலி டேங்க்ல நெருப்பு காட்டக்கூடாதுன்னு கொட்டை எழுத்துல போடணும். காத்துல பெட்ரோல் ஆவி 1.4 சதவீதத்துல இருந்து 7.6 சதவீதம் வரைக்கும் இருந்தாலே பொறி பட்டா பத்திக்கும், டேங்க் காலியாத்தான இருக்குன்னு வெல்டிங் வைக்கிறது ரொம்ப ஆபத்து. இத விட்டுட்டு சொல் மட்டும் சரியா இருந்து பிரயோஜனம் இல்ல.

தலைப்ப 'எரிபொருள் தொட்டி உள்மெழுகல்'னு மாத்தி, பக்கத்துல பட்டறைப் பேரா 'டேங்க் கோட்டிங்'கையும் போட்டு வச்சிருக்கேன். வேற நல்ல சொல் வச்சிருக்கிறவங்க ஞாயித்துக்கிழமைக்குள்ள எழுதுங்க, திங்கக்கிழமை அச்சுக்கு அனுப்பணும்.