மறு: போலந்து நகரங்களின் ‘ருத்தேனியர்’: தமிழில் என்ன சொல்வது?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

ஐயா நேற்று அனுப்பிய சொற்பட்டியலில் இந்த வரி இருக்கிறது:

> இடைக்காலப் போலந்து நகரங்களில் குடியேறிய ரஷ்யர்கள்

இங்கே ‘ரஷ்யர்’ வரவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. பேசப்படுவோர் இன்றைய மேற்கு உக்ரைனில் உள்ள லிவிவ், ஹாலிச், திரோகோபிச் பக்கத்து மக்கள். இன்றைய உக்ரைனியர், பெலருசியர் ஆகியோரின் முன்னோர். தங்கள் நாட்டை ‘ரூஸ்’ என்றார்கள், தங்களை ‘ரூசின்’ என்றார்கள். மாஸ்கோ அப்போது வேறோர் அரசு.

குழப்பம் லத்தீனில் தொடங்குகிறது. அந்த மொழியில் ரூஸ் நாட்டுக்கு ‘ருஸ்ஸியா’ என்றும் பெயர் உண்டு. திரோகோபிச் ஊர்க்காரர் யூரி, போலந்தின் கிராகோவ் பல்கலைக்கழகத்தில் 1470இல் இளங்கலை, 1473இல் முதுகலை முடித்தார். 1481-82இல் இத்தாலியின் பொலோன்யா பல்கலைக்கழகத்தில் ரெக்டராக (தலைவராக) இருந்தார். 1483இல் ரோமில் அச்சான அவருடைய சோதிட நூலில் தம்மை ‘ருஸ்ஸியாவைச் சேர்ந்த ஜார்ஜியுஸ் திரோகோபிச்’ என்றே குறிக்கிறார். அதை ‘ரஷ்யாவைச் சேர்ந்த’ என்று நாம் எழுதினால், அவர் பிறந்த ஊரையே பல நூறு கல் தள்ளி வைத்தவர்களாவோம். 1434இல் லிவிவைத் தலைமையாகக் கொண்டு அமைந்த போலந்து மாகாணத்தையும் ‘ரஷ்ய மாகாணம்’ என்று பெயர்த்துவிட வாய்ப்பு உண்டு. வாசிப்பவர் என்ன நினைப்பார்!

அப்படியானால் லத்தீனில் அதே மக்களுக்கு வழங்கிய மற்றொரு பெயரான ‘ருத்தேனியர்’? பாடநூலில் ருத்தேனியம் என்ற தனிமம் இருப்பதால் காதுக்குப் பழகிய ஒலிதான். (1844இல் கசானில் அதைக் கண்டறிந்த கிளாவுஸ் இந்த லத்தீன் பெயரிலிருந்துதான் எடுத்தார்.) ஆனால் ‘ருத்தேனி’ முதலில் பழைய ‘கால்’ (Gaul, இன்றைய பிரான்சு) நாட்டுக் குடி ஒன்றின் பெயர். ஒலி ஒத்திருந்ததால் இடைக்கால எழுத்தர்கள் அதை ரூஸ் மக்கள்மேல் ஏற்றினார்கள். யாரோ ஒட்டிய சீட்டு அது. அவர்களே சொன்ன பெயர் கையில் இருக்கும்போது அது நமக்கு எதற்கு?

‘ரூசினர்’ என்றும் வைக்கலாம். ஆனால் கார்ப்பாத்திய மலைப்பகுதியில் இன்று அதே பெயரில் வாழும் சிறு மக்களோடு மயங்கும். ஆகவே என் பரிந்துரை ‘ரூசர்’. சோழநாட்டார் சோழர் ஆவதுபோல ரூஸ் நாட்டார் ரூசர். மொழி ‘ரூச மொழி’.

அம்மா கேட்ட இரண்டாவது கேள்வி:

> ‘வந்தேறி’ பொருந்துமா?

வேண்டாம் அம்மா, அது வசையாகிவிட்டது. ‘குடியேறியோர்’ போதும். ஆனால் அதுவும் எல்லா ஊருக்கும் ஒக்காது. கிராகோவுக்கு ரூசர் குடியேறினார்கள். லுப்ளின் கோட்டைத் தேவாலயச் சுவர்களை 1418இல் ரூச ஓவியர்கள் வரைந்து முடித்தார்கள். தலைமை ஓவியர் அந்திரேயின் பெயர் அங்கேயே எழுதப்பட்டிருக்கிறது. அது வந்தவர்களின் கைவேலை. லிவிவ் அப்படியன்று. அது ரூச அரசர் டனிலோ கட்டிய ஊர். 1349இல் போலந்து அரசர் காசிமிர் அதைப் பிடித்தார். 1356இல் மக்தபூர்க் நகரச் சட்டம் (செருமானிய நகரமான மக்தபூர்க்கின் தன்னாட்சி முறை) அளித்தார். விரும்பினால் ரூசர், ஆர்மீனியர், யூதர், தாத்தார் ஆகியோர் தத்தம் சட்டப்படி வழக்குத் தீர்த்துக்கொள்ளலாம் என்று அந்தப் பட்டயம் சொல்கிறது. காலப்போக்கில் நகரம் செருமானியர், போலந்தியர் கைக்குப் போனது; ரூசர் தங்கள் தெருவுக்குள் ஒடுங்கினார்கள், கைவினைஞர் சங்கக் கதவுகள் பலவும் அடைபட்டன. சொந்த ஊரில் இருந்தவரைக் ‘குடியேறியோர்’ என்று எழுதக் கை வரவில்லை. லிவிவுக்கு ‘மண்ணின் ரூசர்’ என்றே எழுதலாம்.

அன்புடன்.

—

மறு: மறு:

வணக்கம். பட்டியலைத் திருத்திவிட்டேன், ‘ரூசர்’ ஏற்கிறேன். ரகரம் மொழிமுதல் வராதே என்று முதலில் ‘உரூசர்’ எழுதிப் பார்த்தேன். ரஷ்யரை ‘உருசியர்’ என்று எழுதும் பழக்கம் இருக்கும்போது மறுபடி அதே குழியில் விழுவோம். ரகரத்திலேயே நிற்கட்டும்.

இன்னொன்று. கிராகோவில் 1392 முதல் புதிதாய்ச் சேர்ந்த நகரத்தாரின் பதிவேடு இருக்கிறது. அங்கே பெறுவதை நான் ‘குடியுரிமை’ என்று போட்டிருந்தேன். அது நாட்டுக்கு உரியது. அன்று கிடைத்ததோ அந்த ஒரு நகருக்குள் மட்டும் செல்லும் உரிமை. ‘நகருரிமை’ என்று மாற்றுகிறேன். ஏடுகளில் ஆள்பெயரோடு ‘ருத்தேனுஸ்’ ஒட்டி வந்தால் மட்டும் மொழிபெயர்க்காமல் அப்படியே விடுவோம். அது அந்த ஆளின் பெயர்.