புதுப்பிப்பு: ‘ஸ்ட்ராட்டா’ ஒருமையா, பன்மையா?

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. கேப் டவுன் டேபிள் மலை பற்றிய ஆங்கிலக் குறிப்பை டர்பன் தமிழ் வகுப்புக்காக மொழிபெயர்க்கும்போது, பாறையடுக்குகளைச் சொல்லும் ‘ஸ்ட்ராட்டா’ (strata) என்ற ஆங்கிலச் சொல் பற்றி எழுந்த கேள்வி இது.

‘டேட்டம், டேட்டா மாதிரி பாருங்கள்’ என்று ஓர் அண்ணா சொன்னதுதான் கைகொடுத்தது. ஒருமை ‘ஸ்ட்ராட்டம்’, பன்மை ‘ஸ்ட்ராட்டா’. ‘டேட்டா இஸ்’ இன்று செல்லும். ‘ஸ்ட்ராட்டா இஸ்’ என்பதைக் கவனமாக எழுதுபவர்கள் இன்னும் ஏற்பதில்லை, ‘ஆர்’ போடுங்கள். ‘ஸ்ட்ராட்டாஸ்’ வேண்டவே வேண்டாம்.

தமிழில் ‘பாறையடுக்கு’ என்றே வைத்தேன். சமூகத்தைச் சொல்லும் இடத்தில் ‘தட்டு’ (மேல்தட்டு, அடித்தட்டு) பொருந்தும். கேக், பெயின்ட், துணிக்கெல்லாம் ஆங்கிலத்திலேயே ‘லேயர்’தான்.

எதிர்பாராதது ஒன்று: மலையின் மணற்கல்லுக்கு அடியிலுள்ள கிரானைட்டையும் அடுக்கு என்று எழுதியிருந்தேன். தவறு. அது மணற்கல் போல அடுக்கடுக்காகப் படிந்து உண்டானதல்ல. ‘மால்ம்ஸ்பரி’ எனப்படும் இன்னும் பழைய பாறைத் தொகுதிக்குள் உருகிய குழம்பாகப் புகுந்து இறுகியது. அங்கே ‘கிரானைட் பாறை’ என்று மட்டும் மாற்றினேன்.

தேடி வருபவர்களுக்கு இன்னொன்று: ஆஸ்திரேலியப் பக்கங்களில் ‘ஸ்ட்ராட்டா’ என்றால் அடுக்குமாடி வீட்டு உரிமை முறை. நம் தென்னாப்பிரிக்காவில் அதற்குப் பெயர் ‘செக்‌ஷனல் டைட்டில்’.