மோசடியை நிரூபித்தோம், பணம் வரவில்லை

கடன் ஆய்வுப் பிரிவில் இருந்தவர்:

பதினோரு ஆண்டுகள் அடமானக் கடன் விண்ணப்பங்களைச் சரிபார்த்திருக்கிறேன். நான் பிடித்த முதல் மோசடி சம்பளச் சீட்டில் இருந்தது. மூன்று மாதச் சீட்டுகள், பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் ஆண்டுத் தொடக்கத்திலிருந்து பிடித்த வரியின் கூட்டுத்தொகை மூன்றிலும் ஒன்றாகவே நின்றது. மாதாமாதம் வரி பிடித்தால் அது ஏற வேண்டும் அல்லவா? மாதத்தின் பெயரை மட்டும் மாற்றி அச்சடித்திருக்கிறார்கள்.

அந்த நுனியைப் பிடித்து இழுத்தேன். வேலை கொடுத்தவர் என்று தந்திருந்த தொலைபேசி எண், வேறு இரண்டு விண்ணப்பங்களில் இடைத்தரகரின் எண்ணாக இருந்தது. மூன்று வீடுகளும் ஆறு மாதத்துக்குள் இரண்டு முறை கைமாறியவை; ஒவ்வொரு முறையும் விலை தாவியிருந்தது. மூன்றுக்கும் மதிப்பீட்டாளர் ஒருவரே. வாங்கியவர்கள் வெறும் பினாமிகள். ஒருவர் தம் வீட்டுக்கு எத்தனை அறை என்றுகூடச் சொல்லத் தெரியாமல் விழித்தார்.

அதற்குள் இரண்டு கடன்கள் கொடுத்தாகிவிட்டது. இடைத்தரகர் மீது வழக்குப் போட்டு வென்றோம். அவர் பெயரில் ஒரு சைக்கிள்கூட இல்லை. வேறு என்ன செய்திருக்க வேண்டும்?

கடன் கொடுத்தோர் தரப்பு வழக்குரைஞர்:

முதல் நாளே சொத்து முடக்க ஆணை கேட்டிருக்க வேண்டும். 1975இல் இங்கிலாந்தில் கப்பல் வாடகை வழக்குகளில் பிறந்த வழி அது. எதிராளிக்கு அறிவிக்காமலேயே கேட்கலாம். மறுநாள் கேட்டால் கணக்கு காலியாக இருக்கும்.

அடுத்தது, யார் மீது வழக்கு என்பது. ஏமாற்றியவரைவிடக் கவனக்குறைவாக இருந்தவரே பணம் தரக்கூடியவர். மதிப்பீட்டாளர், பத்திரம் பார்த்த வழக்குரைஞர் ஆகியோர் தொழில் பொறுப்புக் காப்பீடு வைத்திருப்பார்கள். பொதுவாக அந்தக் காப்பீடு அவர்களின் கவனக்குறைவுக்குப் பணம் தரும், அவர்களே செய்த மோசடிக்குத் தராது. ஆகவே மதிப்பீட்டாளரும் கூட்டுச் சதியில் இருந்தார் என்று ஆவேசமாக நிரூபித்தால், அவருடைய காப்பீட்டு நிறுவனத்தை நாமே வழியனுப்பி வைத்தது போலாகும். எங்கள் கட்சிக்காரர் ஒருவர் “அவனைத் திருடன் என்று நீதிமன்றம் சொல்ல வேண்டும்” என்று பிடிவாதமாக நின்றார். நீதிமன்றமும் சொன்னது. அத்தோடு சரி.

ஆனால் கவனக்குறைவு வழக்கில் ஒரு உச்சவரம்பு உண்டு. 1996இல், அப்போது பிரிட்டனின் உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபை தீர்த்த வழக்குகளில் ஒன்று: 35 இலட்சம் பவுண்டு என்று மதிப்பிட்ட சொத்தை நம்பி 24.5 இலட்சம் கடன் கொடுத்தார்கள். உண்மை மதிப்பு 20 இலட்சத்துக்குச் சற்று மேல்தான். சந்தை சரிந்த பிறகு விற்றபோது கிடைத்தது 3.45 இலட்சம். இழப்பு வட்டியோடு 30 இலட்சத்தைத் தாண்டியும், மதிப்பீட்டில் ஏற்றிச் சொன்ன தொகையான சுமார் 14 இலட்சம்தான் கிடைத்தது. சந்தைச் சரிவுக்கு மதிப்பீட்டாளர் பொறுப்பல்ல என்றார்கள். மோசடி என்று நிரூபித்தால் இந்த வரம்பு இல்லை. முழு இழப்பையும் கேட்கலாம், கொடுக்கத்தான் ஆள் இருக்காது!

மதிப்பீட்டாளர்:

வேறொரு வழக்கில் எதிர்த்தரப்பில் நின்ற அனுபவம் என்னுடையது. நான் மதிப்பிட்ட வீட்டுக்குள் காட்டுவதற்கென்றே யாரோ நாற்காலி, கட்டில் போட்டு வைத்திருந்தார்கள். ஒப்பீட்டுக்குத் தரகர் தந்த மூன்று விற்பனைகளும் அதே கும்பலுக்குள் நடந்தவை. பதிவேட்டில் விற்றவர் பெயரைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பார்க்கவில்லை, என் தவறுதான்.

ஆனால் கடன் கொடுத்தவர்களின் கோப்பை வரவழைத்துப் பார்த்தபோது, அவர்களுடைய அலுவலரே “வருமானம் சந்தேகம்” என்று பென்சிலால் எழுதியிருந்தார். மேலதிகாரி அதற்குக் கீழே ஒப்புதல் கையெழுத்துப் போட்டிருந்தார். அவர்களுடைய கவனக்குறைவையும் சேர்த்து நீதிமன்றம் இழப்பீட்டில் ஒரு பகுதியைக் கழித்துவிட்டது.

கடன் ஆய்வுப் பிரிவில் இருந்தவர்:

பென்சில் குறிப்பு என்றதும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. எங்கள் இரண்டாவது கடன் கோப்பிலும் ஒன்று இருக்கிறது. எழுதியவன் நான்.