முப்பது பழைய கம்ப்யூட்டரில் பீம் (துகள் கற்றை) சிமுலேஷன் ஓடுமா?

மெய்யனூர்_மாணவன்:
வணக்கம். சேலத்தில் எம்எஸ்சி இயற்பியல் கடைசி வருடம் படிக்கிறேன். எங்கள் லேபில் 30 பழைய ஐ5 கம்ப்யூட்டர் சும்மா கிடக்கிறது. எல்லாவற்றையும் ஸ்விட்சில் கோத்து, லினக்ஸும், மெஷின்கள் தங்களுக்குள் செய்தி பரிமாறிக்கொள்ள உதவும் எம்பிஐயும் போட்டு, துகள் முடுக்கி (மின்சுமைத் துகள்களை வேகமேற்றும் கருவி) சிமுலேஷன் ஓட்டலாம் என்று இருக்கிறேன். எங்கள் சார், "திருச்சி என்ஐடியில் 838 டெராஃப்ளாப்ஸில் (நொடிக்கு 838 லட்சம் கோடி கணக்கு) பரம் பொருள் சூப்பர் கம்ப்யூட்டர் இருக்கிறது, அங்கே கேட்டுப் பார்க்காமல் இந்தக் காயலான் கடை எதற்கு" என்கிறார். யார் சொல்வது சரி?

சூரமங்கலத்தான்:
தாராளமாகச் செய் தம்பி. 1994-ல் நாசாவில் சாதாரண கம்ப்யூட்டர்களைக் கோத்துத்தான் பியோவுல்ஃப் கிளஸ்டரே பிறந்தது. ஜெனீவாவில் இருக்கும் துகள் ஆய்வுக்கூடம் செர்ன் மட்டும் என்ன? 2004-ல் எல்எச்சி அட் ஹோம் என்று ஆரம்பித்து, ஊர் ஜனங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில், துகளின் பாதையைக் கணிக்கும் சிக்ஸ்டிராக் ப்ரோகிராமை ஓட்டினார்கள். செர்னின் எல்எச்சி முடுக்கியில் 27 கிலோமீட்டர் வளையத்தைப் புரோட்டான் நொடிக்குப் பதினோராயிரம் தடவைக்கு மேல் சுற்றுகிறது. 10 லட்சம் சுற்று என்றால் நிஜத்தில் ஒன்றரை நிமிடம்தான், ஆனால் அத்தனை சுற்றுக்கும் ஒவ்வொரு காந்தத்தையும் தாண்டும்போது துகள் எங்கே போகிறது என்று கணக்குப் போட்டால் கம்ப்யூட்டருக்கு நாக்கு தள்ளிவிடும். அதையே வீட்டு மெஷினில் முடித்தார்கள்.

அஸ்தம்பட்டி_ஆள்:
அண்ணே, பாதியைச் சொல்லிவிட்டு மீதியை விட்டுவிட்டீர்கள். சிக்ஸ்டிராக்கில் ஒரு துகளுக்குப் பக்கத்துத் துகள் இருப்பதே தெரியாது. மண்டியில் ஆளுக்கொரு மூட்டை மாங்காயைக் கொடுத்துத் தரம் பிரிக்கச் சொல்வது மாதிரி, யாரும் யாரோடும் பேச வேண்டியதில்லை. ஸ்பேஸ் சார்ஜ் வந்தால் கதை வேறு. எல்லாத் துகளும் ஒரே மின்சுமை, ஒன்றை ஒன்று தள்ளும். 10 லட்சம் துகளுக்கு ஜோடி ஜோடியாகப் போட்டால் ஒவ்வொரு கால அடிக்கும் (ஸ்டெப்) சுமார் 50,000 கோடி ஜோடி. அதனால்தான் பிஐசி முறையில் சுமையை வலையில் பரப்பி, புலத்தைக் கணக்கிட்டு, திரும்பத் துகளுக்குக் கொடுக்கிறார்கள். அதில் எஃப்எஃப்டி என்ற கணக்கு வரும்போது எல்லா மெஷினும் எல்லா மெஷினோடும் பேசியாக வேண்டும், அதுவும் ஒவ்வொரு அடிக்கும். சூப்பர் கம்ப்யூட்டர்களில் இருக்கும் இன்ஃபினிபேண்ட் இணைப்பில் ஒரு செய்தி போக ஒன்றிரண்டு மைக்ரோ நொடி, உங்கள் சாதா ஈதர்நெட்டில் அதைப் போலப் பல மடங்கு. முப்பது மெஷின் சேர்ந்து எட்டு மெஷினை விட மெதுவாக ஓடுவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

சூரமங்கலத்தான்:
பார்த்தீர்கள் சரி, அதற்காகச் சின்னப் பையனை ஆரம்பத்திலேயே பயமுறுத்துவானேன்? கையால் கோத்தால்தான் கற்றுக்கொள்வான். பெரிய மெஷினில் கியூவில் காத்திருந்து கற்றுக்கொள்வது வேலையை எப்படிச் சமர்ப்பிப்பது என்பதை மட்டும்தான்.

அஸ்தம்பட்டி_ஆள்:
கற்றுக்கொள்ளட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? கரண்ட்டையும் கணக்குப் பாருங்கள் என்கிறேன். மெஷினுக்கு 100 வாட் என்றாலும் 30-க்கு 3 கிலோவாட், ஒரு நாளைக்கு 72 யூனிட். சேலம் மே மாதத்தில் ஏசி தனி. போன வருடம் நான் வேலை பார்க்கும் இடத்தில், விசிறியில் தூசி அடைத்து ஒரு நோடு (கோத்த மெஷின்களில் ஒன்று) ராத்திரி ரெண்டு மணிக்குப் படுத்தது. எம்பிஐயில் ஒன்று விழுந்தால் மொத்த வேலையும் விழும். நடுநடுவே கணக்கைச் சேமிக்கும் செக்பாயிண்ட் வைக்கவில்லை, நாற்பது மணி நேரம் போச்சு.

ஏற்காட்டு_மிளகு:
ஏசிதான் பிரச்சினை என்றால் ஏற்காட்டுக்குக் கொண்டு வாங்க. 1,500 மீட்டர் உயரம், ஜன்னலைத் திறந்தால் போதும் :)

அஸ்தம்பட்டி_ஆள்:
ஜன்னலைத் திறந்தால் பனிமூட்டம் நேராக மதர்போர்டில் வந்து உட்காரும் நண்பரே. சரி, தம்பி, முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது: உன் முடுக்கியில் ஓடுவது எலக்ட்ரானா, புரோட்டானா?

மெய்யனூர்_மாணவன்:
எலக்ட்ரான் சார். புற்றுநோய் சிகிச்சைக்கான 6 எம்இவி (துகளின் ஆற்றல் அளவு) லினாக், அதாவது நேர்கோட்டு முடுக்கி. டார்கெட்டில் மோதி எக்ஸ்ரே ஆகி, தண்ணீர்த் தொட்டியில் எவ்வளவு கதிர்வீச்சு டோஸ் இறங்குகிறது என்று ஜியான்ட்4 மென்பொருளில் பார்க்கிறேன்.

அஸ்தம்பட்டி_ஆள்:
அடடா, இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! 6 எம்இவி எலக்ட்ரான் ஒளி வேகத்தில் 99 சதவீதத்தைத் தாண்டிவிடும், அந்த வேகத்தில் ஒன்றை ஒன்று தள்ளுவது நூற்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். எலக்ட்ரான் துப்பாக்கியை விட்டு வரும் முதல் சில சென்டிமீட்டர்தான் தொந்தரவு, அதற்கு ஒரு மெஷினே போதும். இதுவே 3 எம்இவி புரோட்டான் என்றால் ஒளி வேகத்தில் 8 சதவீதம்தான், தள்ளல் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும், அப்போது நான் உன் சார் பக்கம். டோஸ் கணக்கு மான்டி கார்லோ, அதாவது ரேண்டம் எண்களை வைத்துப் போடுவது, ஒவ்வொரு எலக்ட்ரானும் தனித் தனி. எம்பிஐ கூட வேண்டாம், 30 மெஷினிலும் தனித்தனியாக ஓட்டிக் கடைசியில் கூட்டிக்கொள். ஒரு நோடு படுத்தாலும் முப்பதில் ஒரு பங்குதான் நஷ்டம்.

சூரமங்கலத்தான்:
அப்போ நான் சொன்னதுதானே!

அஸ்தம்பட்டி_ஆள்:
நீங்கள் சொன்ன காரணத்துக்காக இல்லை அண்ணே.

சூரமங்கலத்தான்:
அதுவும் சரிதான். தம்பி, ஒன்று மட்டும் மறக்காதே. ரேண்டம் சீட் (ரேண்டம் எண்களின் தொடக்க எண்) ஒவ்வொரு மெஷினுக்கும் வேறாக இருக்கட்டும். நான் முதல் தடவை எல்லாவற்றிலும் ஒரே சீட் வைத்துவிட்டு, கிராஃப் இவ்வளவு அழகாகப் பொருந்துகிறதே என்று ரெண்டு நாள் சந்தோஷமாக இருந்தேன். ஒரே பதிலை ஆறு தடவை கூட்டியிருக்கிறேன்.

மெய்யனூர்_மாணவன்:
நன்றி சார், அண்ணா. இப்போதைக்கு ஒரே சிக்கல், லேபில் இருப்பது 24 போர்ட் ஸ்விட்ச். மீதி ஆறு மெஷினுக்கு யாரிடமாவது பழைய 8 போர்ட் இருந்தால் சொல்லுங்கள், ஐந்து ரோட்டுக்கு வந்து வாங்கிக்கொள்கிறேன்.