மறு: 'ப்ரோக்கன் ஆக்சஸ் கன்ட்ரோல்': தமிழில் என்ன?

வணக்கம். திங்களன்று தரமணியில் வெப் நிரலாளர்களுக்கு வகுப்பு. கையேடு ஞாயிறு இரவுக்குள் அச்சகம் போகவேண்டும். ஒருவர் தமக்கு உரிமையில்லாததைத் திறக்க முடிகிற குறை இது. ஓவாஸ்ப் (வெப் பாதுகாப்பு அமைப்பு) வெளியிடும் முக்கிய ஆபத்துகளின் பட்டியலில் 2017இல் ஐந்தாவதாக இருந்த இது 2021இல் முதலிடம். கையேட்டிலும் முதல் பாடம் இதுதான். 'உடைந்த அணுகல் கட்டுப்பாடு' என்று போட மனம் வரவில்லை.

---

> உடைந்த அணுகல் கட்டுப்பாடு

உடைவதற்கு முதலில் அது இருக்கவேண்டுமே! பல இடங்களில் கட்டுப்பாடே எழுதப்பட்டிருக்காது. முகவரியில் 1041ஐ 1042 ஆக்கினால் அடுத்தவர் பில் திறக்கிறது. லாகின் ஆனவரா என்று சர்வர் பார்க்கிறது. பில் அவருடையதா என்று பார்ப்பதில்லை. முன்னது அடையாள உறுதி, பின்னது இசைவு. ஆங்கிலத்திலும் குழப்பம் உண்டு: சர்வர் அனுப்பும் பதில் எண்களில் 401க்குப் பெயர் 'அன்ஆத்தரைஸ்டு', பொருளோ அடையாளம் உறுதியாகவில்லை என்பது. இசைவு மறுப்புக்கு 403. என் பரிந்துரை 'இசைவுக் குறைபாடு'.

---

ஐயா, இசைதல் உடன்படுதல். 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 'கன்சென்ட்'டுக்கு அந்தச் சொல் வேண்டும். 'அணுகுரிமை' நல்ல வினைத்தொகை. கட்டுப்பாடுதான் வேண்டுமென்றால் 'அணுகற்கட்டுப்பாடு' என்று புணர்த்தி எழுதுங்கள். இன்னும் பழைய சொல் வாயில். இல்வாய் என்பதே முன்பின்னாகி வாயில் ஆயிற்று, இலக்கணப்போலி. கண்ணகியை நிறுத்தி, பாண்டியனைக் கேட்டுவந்து உள்ளே விட்டவன் வாயிலோன். அடையாளம், அனுமதி இரண்டும் அங்கேயே உண்டு. 'வாயிற்காப்பு வழு' என்று வைக்கலாம்.

---

அம்மா, வாயில் வேண்டவே வேண்டாம். வாயிலில் ஒருமுறை பார்த்துவிட்டு உள்ளே எல்லாவற்றையும் திறந்துவிடுவதால்தான் இந்த ஓட்டையே வருகிறது. ஒவ்வொரு கோரிக்கையிலும் சர்வர் சரிபார்க்கவேண்டும். விதி எழுதாத பாதைக்கு மறுப்பே இயல்பாக இருக்கட்டும். பில் எண்ணோடு உரிமையாளர் எண்ணையும் எஸ்க்யூஎல் (தரவுத்தள மொழி) வினவலின் நிபந்தனையில் சேருங்கள். அந்த உரிமையாளர் எண் லாகின் செஷனிலிருந்து வரவேண்டும், பயனர் அனுப்பும் படிவத்திலிருந்து அல்ல. டெலீட் பொத்தானை மறைப்பது காவல் ஆகாது, கோரிக்கையைக் கையாலேயே அனுப்பலாம். 1042க்குப் பதில் யூயூஐடி (நீண்ட தனித்த அடையாள எண்) வைப்பது ஊகிப்பதைக் கடினமாக்கும், அவ்வளவுதான். லிங்க் கசிந்தால் அதுவும் போச்சு. பதவி பறித்த பிறகும் பழைய ஜேடபிள்யூடி டோக்கன் (லாகினுக்குப் பின் தரப்படும் கையொப்பமிட்ட சீட்டு) காலாவதி வரை செல்லும், ஆயுளைச் சில நிமிடங்களாகக் குறையுங்கள்.

கையேட்டில் சோதனையும் கட்டாயம் வரட்டும்: இரண்டு கணக்குகள், ஒருவர் லாகின் குக்கியோடு மற்றவர் பில் எண். கெட் (படிக்க), புட் (மாற்ற), டெலீட் (நீக்க) கோரிக்கைகள் மூன்றையும் அனுப்பிப் பாருங்கள். 403 அல்லது 404 (அப்படி ஒன்று இல்லை) வரவேண்டும். 200 (வெற்றி) வந்தால் பில்டை (வெளியீட்டுக்கான மென்பொருள் தொகுப்பை) நிறுத்துங்கள்.

பெயர் எதுவானாலும் மாணவருக்கு வாயில் நுழையவேண்டும். என் வாக்கு 'அணுகுரிமை ஓட்டை'.

---

நன்றி. 'ஓட்டை' அச்சில் கொச்சையாகத் தெரியும் என்கிறார்கள். பெரும்பான்மைப்படி 'அணுகுரிமைக் குறைபாடு'. முதல் பக்கத்தில் மட்டும் 'அதாவது பாதுகாப்பு ஓட்டை' என்று ஒரு வரி. கோப்பு அச்சகத்துக்குப் போய்விட்டது.

---

என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள். குறைபாடு எதற்கும் பொருந்தும் சொல். 'வழு'வை 'பக்'குக்கு (நிரல் பிழைக்கு) கொடுத்துவிட்டதால்தான் இன்று இந்தச் சொற்பஞ்சம். 'அணுகற்கட்டுப்பாடு' ஏன் ஆகாது என்பதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.