சாம்பிராணி, அகில் புகை: கண் எரியாமல் போடுவது எப்படி?

கேள்வி (ஆயர் ஈத்தாம், பினாங்கு)
அடுக்குமாடி வீடு. வெள்ளிக்கிழமை தூபம் போட்டால் கண் எரிகிறது, கூரையில் கரி படிகிறது. லிட்டில் இந்தியாவில் வாங்கிய கட்டிச் சாம்பிராணியும், சட்டெனப் பற்றும் வில்லைக் கரியும்தான். அகில் சில்லைப் போட்டாலோ தீய்ந்த விறகு வாசம். சங்கப் பெண்கள் கூந்தலுக்கே அகிற்புகை ஊட்டினார்களே, எப்படி?

பதில் 1
சூடு அதிகம். பிசின் உருகிப் புகைய வேண்டும், தீப்பிடித்தால் கரும்புகைதான். வில்லைக் கரியில் வெடியுப்பு இருக்கும், பொறி அடங்கும்வரை எதையும் போடாதீர்கள். சிரட்டைக்கரி மேல். பால்கனியில் மூட்டி, கரி முழுக்க நீறு பூக்கட்டும். தூபக்காலில் இட்டு, சலித்த சாம்பலை அரை விரல் கனம் தூவி, அதன்மேல் கடலை அளவு சாம்பிராணிப் பொடி. வெண்புகை மெல்ல எழும். கருத்தால் இன்னும் சாம்பல் போடுங்கள். பிடி பிடியாக அள்ளிப் போடுவதால்தான் பெரும்பாலும் கெடுகிறது.

பதில் 2
அகிலுக்கு அதைவிடக் குறைந்த சூடு போதும். சாம்பல் ஒரு விரல் கனம், மேலே அப்பிரக (மைக்கா) தகடு, அதில் அரிசி அளவுச் சில்லு. வாசம் வந்தால் போதும், புகை தேவையில்லை.

சில்லையும் பாருங்கள். அகில் தரும் காராஸ் மரம் காயப்பட்டு, பூஞ்சை தொற்றிய இடத்தில்தான் வாசப் பிசின் ஊறும். நோயில்லாத கட்டை வெளிறியது, வாசமற்றது. தொட்டால் பிசுபிசுத்தால் எண்ணெயில் ஊறவைத்ததாக இருக்கலாம். இந்த மரம் 1995 முதல் சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) பட்டியலில் இருக்கிறது, ஆகவே தோட்டத்தில் வளர்த்ததையே கேட்டு வாங்குங்கள்.

கூந்தலுக்கு: துவட்டிய முடியை, தணலுக்கு ஒரு முழம் மேலே கவிழ்த்த மூங்கில் கூடைமேல் விரியுங்கள். சொட்டச் சொட்ட ஈரம் வேண்டாம்.

பதில் 3 (பிரிக்ஃபீல்ட்ஸ்)
ஒன்றை விட்டுவிட்டீர்கள். பழைய வீட்டுக்கு முற்றம் இருந்தது, ஓட்டிடுக்கு வழியே புகை வெளியேறியது. ஏசி போட்டு அடைத்த அறையில் கரித்தணல் உயிருக்கே ஆபத்து. கார்பன் மோனாக்சைடுக்கு வாசமே கிடையாது. எதிரெதிர் ஜன்னல் இரண்டையும் திறந்து வையுங்கள், தணலை நீர் ஊற்றி அணைத்துவிட்டுத்தான் படுக்க வேண்டும். ஆஸ்துமாக்காரரோ கைக்குழந்தையோ இருந்தால் தூபமே வேண்டாம். வெட்டிவேரை நனைத்து ஜன்னலில் தொங்கவிடலாம்.

கற்பூரத்தைத் தணலில் போடாதீர்கள், குப்பென்று பற்றும். சுமத்ராவின் பாருஸில், ஐந்நூற்றுவர் வணிகக் குழு 1088இல் தமிழ்க் கல்வெட்டு வைத்த கரையில், கிடைத்தது மரத்துக்குள் விளைந்த கற்பூரம். இன்றைய பூசை வில்லை பெரும்பாலும் டர்பன்டைனிலிருந்து செய்வது. குழந்தை விழுங்கினால் வலிப்பு வரலாம். எட்டாத உயரத்தில் வையுங்கள்.